கலப்பைக்கு இடம்

மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாட்டு மணி. 1957-ஆம் வருஷம் கேட்ட அந்த ஒலி, சரோஜம்மாளின் காதில் கடைசி வரை இருந்தது.

அந்த வருஷம்தான் அவள் பாகலூரில் டிராக்டர் வாங்கினாள். அதை வாசல் பந்தலில் நிறுத்தினாள். அதில் பூட்டி உழும் இரும்புக் கலப்பைக்கு அங்கே இடமில்லை. அது வயலோரப் புங்கமரத்தடியில் கிடந்தது. கொட்டகை போடக் கொத்தனார் முனிவேல் கயிறு பிடித்து முளை அடித்தான்.

அவள் கணவர் போனபின் பன்னிரண்டு வருஷமாக அந்த நிலத்தைக் கூலிக்கு உழுதவர் பக்கத்து நிலத்து ராமப்பன். இனி அவருடைய மாடுகளுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் தினமும் காலையில் வேலியோரம் வந்து நிற்பார்.

"கூரை எப்பம்மா போடுவீங்க?"

பத்து நாளாக இதே கேள்வி. மழையில் வேலை ஓடவில்லை. குத்திக்காட்டுகிறார் என்றே அவளுக்குப் பட்டது. வயிற்றெரிச்சல் என்றான் முனிவேல்.

"கூரை போட்டா உங்களுக்கென்ன ஆகணும், ராமப்பண்ணா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மாட்டுவண்டிக்குக் கொட்டகை போடும்போது வண்டியை மட்டும்தான் அளப்பார்கள், மாட்டைச் சேர்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் முனிவேல் டிராக்டரை மட்டும் அளந்திருந்தான். கலப்பையோடு உள்ளே விட வேண்டாமா என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. கயிற்றை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள்.

கலப்பை இல்லை. அது கிடந்த இடத்தில் புல் மட்டும் வெளுத்திருந்தது.

மழை விட்டு ஈரம் காய்வதற்குள் உழுது கேழ்வரகு விதைக்காவிட்டால் அந்த வருஷம் போச்சு. யார் எடுத்திருப்பார் என்று அவள் யோசிக்கவே இல்லை. கேட்க வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு, கொட்டும் மழையில் ராமப்பன் வீட்டுக்கு நடந்தாள்.

அப்போதுதான் அந்த மணி கேட்டது.

ராமப்பன் வாசல் புளியமரத்தடியில் அவருடைய இரண்டு மாடுகளும் முதுகில் சாக்கோடு நனைந்துகொண்டு நின்றன. மாட்டுக் கொட்டகைக்குள் அவளுடைய கலப்பை இருந்தது. ராமப்பன் அதற்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் திருடியவர் போல எழுந்தார்.

"துரு ஏறினா மண்ணு ஒட்டிக்கும்மா, உழவு ஓடாது. அதான் மாட்டைப் பூட்டி இழுத்தாந்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா, மாடு நனையுதுன்னு திருப்பி எடுத்துட்டுப் போயிருவீங்க."

அவள், சாக்கு நழுவியிருந்த மாட்டிடம் போய் அதைச் சரியாகப் போர்த்தினாள்.

மறுநாள் முளைகளைப் பிடுங்கி, இன்னும் பதினைந்தடி தள்ளி அடிக்கச் சொன்னாள்.

"கலப்பைக்கு இவ்வளவு எதுக்கும்மா?" என்றான் முனிவேல்.

"கலப்பைக்கு அஞ்சடி போதும். மீதி, அது வெளியே தள்ளின மாடுகளுக்கு."

ராமப்பனின் மாடுகள் இரண்டும், ஏழு வருஷம் கழித்து, அந்த டிராக்டருக்குப் பக்கத்தில்தான் வயதாகிச் செத்தன.