வெல்டரின் மனைவி ஜெபிக்கிறாள்

கண் ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில், இரண்டு கண்ணிலும் கட்டோடு வெல்டர் உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் வந்துவிட்டதைக் கன்னத்துச் சூட்டில்தான் அறிகிறார். இன்னும் சற்று நேரத்தில் டாக்டர் வந்து கட்டைப் பிரிப்பார். பார்வை திரும்புமா என்பது அப்போதுதான் தெரியும். பட்டறையில் சொல்லாமல் கொள்ளாமல் கிரைண்டரைப் போட்டு, இரும்புத் துகளை அவர் கண்ணில் தெறிக்கவிட்ட கூட்டாளி மூன்று நாளாக வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போகிறான். இன்றும் அவன் இருமல் கேட்கிறது. வெல்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

சபையில் நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற மனைவி, கட்டிலருகே முழங்கால் போட்டு அவர் கையைப் பற்றுகிறாள். விரல்களில் துணிசோப்பு வாசனை. "ஆண்டவரே, எனக்கு அழகாப் பேசத் தெரியாது. இவரு கண்ணைத் தொட்டு சுகமாக்குங்க." குரல் நடுங்குகிறது; ஆனாலும் நிற்கவில்லை. "எங்க மனக்கண்ணையும் திறந்து விடுங்க. வாசல்ல நிக்கிற அண்ணனை எதிரியாப் பாக்காம, உங்க பிள்ளையாப் பாக்க வைங்க."

வார்டில் ஏழெட்டுக் கட்டில்களிலிருந்து ஆமென் எழும்புகிறது. வெல்டர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்புகிறார். "டேய், உள்ள வாடா. கட்டைப் பிரிக்கும்போது நீயும் பக்கத்துல இரு." தயங்கித் தயங்கி வரும் காலடிச் சத்தம். அவர் தோளில் ஒரு முரட்டுக் கை வந்து அழுந்துகிறது.

"அம்மா சபையில ஜெபம் நடத்துற ஊழியக்காரங்களா?" என்று பக்கத்துக் கட்டில்காரர் மெல்லக் கேட்கிறார்.

வெல்டர் முதுகை நிமிர்த்துகிறார். "இல்லீங்க," என்கிறார், வார்டு முழுக்கக் கேட்கும்படி, "என் வீட்டுக்காரி!"