இரண்டாவது இலை

"மாமி, கோவிச்சுக்க வேணாம். போன மாசம் நான் இலை வெட்டினது, ரெண்டு வருசத்துக்கு முந்தி வெட்டின அதே மரத்துலதானா?"

கமீலா கேட்டதும் ஹாஜராவின் முகம் வாடிப்போனது.

தென்னையின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று குறிப்பெழுதுவதுதான் கமீலாவின் ஆய்வுகூடத்தில் நடக்கும் வேலை. கற்பிட்டிக் கடல்நீர்க் களப்போரம், ஹாஜராவின் வீட்டு முற்றத்தில், உப்பு பூத்த மண்ணிலும் தளதளவென்று நின்ற இந்த இளந்தென்னையை அதற்கென்றே தெரிவு செய்திருந்தார்கள். சரிபார்க்க இரண்டாவது இலையை வாசித்தால், அது வேறு மரம் என்று வருகிறது! தவறு யாருடையது என்று தேடும்போது மேலிடத்தின் கண்ணில் சின்னவர்கள்தானே படுவார்கள்? லேபலை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று பழி கமீலாவின் தலையில் விழுந்தது. நாளைக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

"அதே மரம்தான் மகள்," என்றார் ஹாஜரா அழுத்தமாக. "மௌத்தாக ஒரு கெழமைக்கு முந்தி என்ட இனாஸ் கையால வெச்ச தென்னங்கண்டு. வேற மரம் எங்கால வரும்?"

பக்கத்தில் நின்ற அவர் கணவர் மக்பூல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனைப் பறிகொடுத்த தாயிடம் இதற்கு மேல் கேட்கக் கமீலாவுக்கு மனம் வரவில்லை. எழுந்துவிட்டாள்.

ரோட்டு வரை கூட வந்த மக்பூல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கட வேலைக்கு மோசம் வரக் கூடாது மகள். அது வேற மரம்தான். மூத்தவள்ட பிள்ளப்பேத்துக்கு இவ நாப்பது நாள் புத்தளத்துல நிண்டா. அந்த நேரம் பாத்து மரம் பட்டுப்போச்சு. இவ தாங்க மாட்டா எண்டு, வண்ணாத்திவில்லுல தேடி, அதே உசரத்துல ஒண்டக் கொண்டுவந்து வெச்சன். ஒபிஸ்ல சொல்லுங்க. இவட காதுல மட்டும் விழ வேணாம்."

"சொல்ல மாட்டன் மாமா."

அவர் அஸர் தொழுகைக்குப் பள்ளிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்தார் ஹாஜரா.

"மகள், வேற மரம் எண்டே எழுதுங்க. அவருக்கு முன்னுக்கு நான் எப்பிடிச் சொல்ற? தனியாளாக் கிடங்கு வெட்டி, அந்த மரத்த நட்டு, இடுப்பு நாரி புடிச்சு ஒரு மாசம் படுத்த மனுசன். நான்தானே எண்ணெய் தடவிவிட்ட! எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அவருக்குத் தெரிய வேணாம்."