வேகமானியின் நாலாயிரம்

சுடுதளத்தில், தோட்டாவின் வேகத்தை அளக்கும் வேகமானி துப்பாக்கியின் வாயை ஒட்டினாற்போல் நின்றிருந்தது. சுட்டதும், "நொடிக்கு நாலாயிரம் அடி!" என்று கூவியது. துப்பாக்கிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

இலக்குப் பலகையில் புதைந்துகிடந்த தோட்டா கத்தியது: "யோவ், அவ்வளவு வேகத்துக்கு என்கிட்ட வெடிமருந்து ஏது? எனக்கு முன்னால் பாய்ந்த துப்பாக்கியின் வாய்ப் புகையை அளந்துவிட்டு என் தலையில் கட்டாதே!"

வெட்கப்பட்ட வேகமானி பத்தடி தள்ளிப் போய் நின்றது. அடுத்த தோட்டா பறந்தது. "இரண்டாயிரத்து எண்ணூறு."

துப்பாக்கி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. "அவ்வளவு தூரத்தில் நின்றால் உனக்குக் கண் எப்படித் தெரியும்? பக்கத்தில் வா. இல்லையென்றால் பழைய இரும்புக்குத்தான் போவாய்."

வேகமானி ஓடிவந்து பழைய இடத்தில் நின்றது. மூன்றாவது தோட்டா இன்னும் குழாயை விட்டே கிளம்பவில்லை.

"நாலாயிரத்து நூறு, ஐயா!" என்றது வேகமானி.