காதுக்குள் வந்த சேதி

அடுத்த ஷிஃப்டுக்காரிக்குக் காய்ச்சலாம். நிஜமோ பொய்யோ, காலையிலிருந்து செய்தி வாசிப்பது இவள் தலையில்தான் விழுந்திருக்கிறது. விளக்குச் சூட்டில் பவுடருக்கு அடியில் கழுத்து கசகசக்கிறது. பட்டாணி அளவு இயர்பீஸ் உறுத்தி உறுத்திக் காதே புண்ணாகிவிட்டது. அதன் சுருள் குழல் கூந்தலுக்குள் மறைந்து முதுகில் இறங்குகிறது. செல்போன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் நிகழ்ச்சியை இயக்கும் பையனிடம். அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள், அண்ணன் கூப்பிடுவான். "எந்தச் சேதியா இருந்தாலும் உடனே காதுல சொல்லிடு தம்பி" என்று இவள்தான் கேட்டுக்கொண்டாள். திரையில் பாதி இவள் முகம், பாதி கவிழ்ந்த பேருந்து. காதில் ஓடிக்கொண்டிருந்த சைரன் சத்தம் சட்டென்று தாழ்கிறது. தாழ்ந்தால் அவன் இவளிடம் பேசும் பொத்தானை அழுத்திவிட்டான் என்று அர்த்தம். "அக்கா, நல்லபடியா முடிஞ்சுதாம். அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க. ஐயோ, சிரிச்சிடாதீங்க!" எதிரே எழுத்துத்திரையில் இறந்தவர்களின் பெயர்கள் மெல்ல ஏறிவருகின்றன. உதட்டோரம் துடிக்கிறது. மேசைக்கடியில் கால்விரல்கள் செருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குரல் மட்டும் பிசகாமல், ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய கனத்தோடு இறக்கி வைக்கிறது.

விளம்பரம். காமிராவின் சிவப்பு விளக்கு அணைகிறது. "இப்போ சிரிச்சுக்கலாம்க்கா" என்கிறான் காதுக்குள். இவள் சிரிக்கிறாள். காலையிலிருந்து ஒவ்வொரு வணக்கத்தோடும் காமிராவுக்குக் காட்டிக்கொண்டிருந்த அதே சிரிப்புதான் வருகிறது.