காஜாங் மேல விழுந்த நட்சத்திரம்

குகன் செய்த ஒரே தப்பு, அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டதுதான்.

வியாழக்கிழமை, பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம். தெருவே பகல் மாதிரி ஆகிவிட்டது. கிள்ளான் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கோட்டை விட்டார்கள். குகன் காரில் மாட்டியிருந்த கேமரா விடவில்லை.

மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. சத்தத்தை எடுத்துவிட்டு, ஒரு பெருமாள் பாட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்.

எல்லாரும் கும்பிடு போட்டார்கள். மச்சினன் பிரவின் மட்டும் படத்தை நிறுத்திப் பெரிசாக்கினான். நட்சத்திர வெளிச்சத்தில் பளிச்சென்று ஒரு பலகை. காஜாங் சாத்தே கடை.

புரட்டாசி மாசம். கறியைக் குச்சியில் குத்திச் சுடுகிற கடை.

குகனின் மனைவி ரமணி, முட்டை சேர்த்த பிஸ்கட்டைக்கூட வாசலுக்கு வெளியே வைத்திருந்த நேரம் அது. பூசைச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் குகன் கிளம்பியிருந்தார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. கடைசி சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போட்டுத் தேங்காய் உடைக்கிறது அந்த வீட்டில் பெரிய மரியாதை. மாமனார் காலமான பிறகு, இந்த வருஷம்தான் அதை மூத்த மருமகன் குகனுக்குக் கொடுத்திருந்தார் மாமியார் சந்திரகலா. குகன் புது வேட்டி வாங்கி, கண்ணாடி முன்னால் கட்டிக் கட்டிப் பார்த்து, நாமம் போடவும் பழகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் விசாரணை.

“பிரிக்பீல்ட்ஸுன்னு சொல்லிட்டு காஜாங்ல என்னாங்க வேலை?” ரமணி கண்ணைக் கசக்கினாள்.

குகன் தரையைப் பார்த்தார். “பசிச்சிருச்சு.”

பிரவின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காஜாங்கில் கீரை வடை கிடைக்காதா மச்சான் என்று கேட்டான்.

மாமியார்தான் பிடித்துக்கொண்டார். எரிநட்சத்திரத்தைப் பார்ப்பதே ஆகாதாம். நல்லவேளை, அந்த நேரம் தான் கோயில் பஜனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாராம். குகனின் வளர்ப்பில் ஆரம்பித்து, அவர் குடும்பத்தில் யார் யாருக்கு நாக்கு நீளம் என்று ஒரு சுற்று சுற்றிவந்தார்.

“பெருமாளே மேல இருந்து டார்ச் அடிச்சுக் காட்டிட்டாரு. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?”

ரமணிக்கே பாவமாகிவிட்டது. போதும்மா என்றாள். அம்மா நிறுத்தவில்லை. படையலைப் பிரவின் போடட்டும், இவர் பூசை ரூம் பக்கமே தலை காட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

குகன் மெல்லக் கேட்டார். “தேங்காய மட்டுமாவது நான் உடைச்சுக்கிறேனே, அத்தை.”

“வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத் தேங்காய் எதுக்கு?”

அதோடு சபை கலைந்தது. ரமணி அந்தப் புது வேட்டியை மடித்துத் தம்பி கையில் கொடுத்தாள். குகன் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்து, காரில் சாய்ந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் துளசி பறிக்கிற சாக்கில் மாமியார் வந்தார்.

குகன் குரலைத் தாழ்த்தினார். “நான் வெறும் தேத்தண்ணிதானே குடிச்சேன், அத்தை. கொஞ்சம் மெதுவா திட்டியிருக்கலாம் லா.”

மாமியார் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அத்தனை குச்சியையும் நான் ஒருத்தியே தின்னுட்டு, மெதுவா திட்டினா சந்தேகம் வந்துடாதா, மாப்ளே?”