இதர வருமானம்

வங்கிக்காரப் பெண் கணினியில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். உத்தேசக் கணக்குதான், ஆனாலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தும், அவர்கள் வாங்க நினைத்த வீட்டுக்குத் தேவையான கடன் தேறவில்லை.

புருஷன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்கிறவர். அவருக்குத் திக்கென்றது.

வயது கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் தவணையை இன்னும் சில வருஷம் இழுத்திருக்கலாம் என்று அவள் ஆறுதல் சொன்னாள். வயசானதற்கு அவர் என்ன செய்வார், பாவம்.

பக்கத்து நாற்காலியில் மனைவி வாயே திறக்கவில்லை. கத்திரிக்காய்க்கே கால் மணி நேரம் பேரம் பேசுகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நின்றுவிட்டு, விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் வந்தாள். அதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"வேற வருமானம் ஏதாவது இருக்கா சார்? பார்ட் டைம் மாதிரி?"

இருந்தது. அதுதான் வம்பு.

மூன்று வருஷமாக அவர் சாயங்காலம் 'வாக்கிங்' போகிறார். போவது நாலு தெரு தள்ளி இருக்கிற இன்னொரு பல் ஆஸ்பத்திரிக்கு. அங்கே உட்கார்ந்து மெழுகை உருக்கிப் பல் பதிப்பார். அந்தச் சம்பளம் வீட்டுக்குத் தெரியாத கணக்கில் விழும். தப்புத்தண்டா ஒன்றுமில்லை. நல்லதாக ஒரு செருப்பு, சிநேகிதர்களுக்குக் காபி, ஏன் எதற்கு என்று யாரும் கேட்காத செலவு. அதில் அவருக்கு ஒரு ராஜசுகம். தொப்பைதான் கொஞ்சமும் குறையவில்லை.

சொன்னால் அந்தச் சுகம் போச்சு, வீட்டில் விசாரணை வேறு. சொல்லாவிட்டால் அந்த ஜன்னல் போச்சு.

ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருக்கிறது என்றார். இடத்தைச் சொன்னார், தொகையைச் சொன்னார், மூன்று வருஷம் என்பதையும் முழுங்காமல் சொன்னார். பக்கத்தில் மட்டும் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் மறுபடி தட்டினாள். முகம் மலர்ந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த வீட்டு விலைக்குச் சரியாக வருகிறதே என்று வியந்தாள்.

மனைவி கைப்பையை மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

"வராம என்னம்மா? அதையும் சேத்துக் கணக்குப் போட்டுத்தானே நான் வீடே தேடினேன்."