சடையனின் மகள்

விஜேந்திரனின் பூட்டன் சடையன் 1934இல் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து காணாமல் போனவர். அவரைப் பற்றிக் கேட்டு விஜேந்திரன் பதுளையிலிருந்து தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் எழுதினான். பதில் வராததால் நேரிலேயே போனான்.

கிளாக்கர் பழைய பெயர்ப் பதிவேட்டை விரித்து வாசித்தார். சடையன், வயது இருபத்தாறு. மனைவியையும் பெண் கைக்குழந்தையையும் லயத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவர். இடது காது பாதி இல்லை.

கிளாக்கர் நிமிர்ந்தார்.

“போன கிழமை வந்தவருக்கும் பாதிக் காதுதாங்க. வயசும் இவ்வளவுதான் இருக்கும். பேரு சடையன்னாரு. உங்க சொந்தமா?”

விஜேந்திரன் பதிவேட்டை எட்டிப் பார்த்தான். “எதுக்கு வந்தாரு?”

“விட்டுட்டுப் போன மகளக் கூட்டிக்கிட்டுப் போகணுமாம். இங்க யாரும் இல்லைன்னு சொல்லி, உங்க கடிதாசியில இருந்த விலாசத்தக் குடுத்தேன்.”

அப்போது விஜேந்திரனின் கைபேசி அடித்தது. அவன் மனைவி ஜெயமலர் பேசினாள்.

“உங்க சொந்தக்காரர் ஒருத்தர் வந்தாருங்க. நம்ம பாப்பா அவரப் பாத்ததும் ‘அப்பா’ன்னு கைய நீட்டுச்சு. தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனாரு.”

அவள் வாசல் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ரெண்டு மணித்தியாலமாச்சு. இன்னும் காணலங்க.”